நிறுத்தக் கூடாத வண்டி

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் மத்தியானமே கிளம்பிவிட்டார்கள். அம்மா, அண்ணன், நான் மூவரும் கூடத்தில் பாயை விரித்துச் சாய்ந்திருந்தோம். பாத்திரம் கழுவக்கூட யாருக்கும் தெம்பில்லை.

அப்பா வங்கதேசப் போரில் ராணுவ லாரி ஓட்டியவர். ஊர் திரும்பியதும் விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் ஏற்றும் லாரிக்கு டிரைவரானார். போரைப் பற்றி எங்களிடம் வாயைத் திறந்ததில்லை. அந்த இடத்தை அண்ணன் தன் கதைகளால் நிரப்பிக்கொண்டான். அன்று காலையும் வந்தவர்களிடம், அப்பா எதிரிகளைச் சுட்டு வீழ்த்தியதை நேரில் பார்த்தவன் போலச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“அவரு யாரையும் சுடலடா,” என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே. “இனிமே அப்படிச் சொல்லாத.”

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, வேப்பூர் அருகே அடிபட்டுக் கிடந்த ஒருவரை அப்பா லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஆள் பிழைக்கவில்லை. இடித்ததே அப்பாதான் என்று கேஸானது. முதலாளி வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். கோர்ட்டு இல்லாத நாட்களில் அப்பா பீங்கான் சூளையில் மண் மூட்டை தூக்கினார். அவர் வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொள்வது எனக்கு நினைவிருக்கிறது. மீதியை அம்மா இப்போதுதான் சொன்னாள்.

“எல்லாரும் பாத்துட்டுப் போறாங்க, நீங்க மட்டும் ஏன் நிறுத்துனீங்கன்னு சண்ட புடிச்சேன். அப்பத்தான் சொன்னாரு. போருல இவருக்கு முன்னாடி போன வண்டி குண்டுல சிதறிடுச்சாம். அத ஓட்டுனவரு இவரோட சிநேகிதரு. ரோட்டோரமா கெடந்து கையத் தூக்குனாராம். வரிசையில எந்த வண்டியும் நிக்கக் கூடாதுன்னு ஆர்டரு. இவரு நிறுத்தல.”

“அப்புறம் அவரு என்னம்மா ஆனாரு?” என்றான் அண்ணன்.

“தெரியலன்னாரு. திரும்பிப் பாக்கவே இல்லியாம்.”

கேஸ் ஒருவழியாகத் தள்ளுபடியானது. அப்பா மறுபடி லாரி ஓட்டினார். ரோட்டில் யார் விழுந்து கிடந்தாலும் நிறுத்தினார். போலீஸ் ஸ்டேஷனுக்கு இன்னும் சில முறை அலைந்தார். ஏன் நிறுத்தினீர்கள் என்று அம்மா பிறகு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

“எங்ககிட்ட ஏம்மா சொல்லல?” என்றேன்.

“என்கிட்டயே ஒரு தடவதான் சொன்னாரு.”

அண்ணன் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரையே பார்த்தபடி இருந்தான். அம்மா அந்தப் பக்கம் புரண்டு படுத்தாள்.

“சோறு இருக்குது, போட்டுத் தின்னுங்க. என்னால எழுந்திரிக்க முடியல.”