லாட்டிமோர் எங்கே போனார்

அமெரிக்காவின் எரீ நகரத்துப் பள்ளிக்கூடச் சமையலறையில் வெர்னா சோப்சாக்கின் வாய்க்கு எல்லோரும் பயப்படுவார்கள். அறுபதை நெருங்கியும் அவள் துடுக்கு அடங்கவில்லை. அவள் பர்ஸில் ஒரு பழைய பேஸ்பால் அட்டை இருப்பது மட்டும் அதிகம் பேருக்குத் தெரியாது.

அட்டையில் சிரிப்பவர் டூயி லாட்டிமோர். பெரிய ஆட்டக்காரர் என்று அவளே சொல்லமாட்டாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால், சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்தவர் மாதிரி இருக்கும்.

தாயில்லாத வெர்னாவைச் சின்ன வயதில் வளர்ப்பு வீடுகளுக்கு மாற்றி மாற்றிப் பந்தாடினார்கள். ஒவ்வொரு தடவையும் துணிமணிகள் குப்பைப் பையில்தான் போகும். முதல் வீட்டில் சூயிங்கம் பொட்டலத்தோடு கிடைத்த அட்டை அது. அந்த வருஷமே லாட்டிமோரைக் கிளீவ்லாந்து அணி வேறொரு ஊருக்குத் தள்ளிவிட்டது. ஆட்டக்காரர் அணி மாறினால் அட்டையில் பழைய அணியின் பெயரை அடித்துப் புதியதை எழுதுவது அந்தக் காலத்துப் பிள்ளைகளின் வழக்கம். வெர்னாவும் எழுதினாள். அவளுக்கு வீடு மாற மாற, அவருக்கும் ஊர் மாறியது. அவரும் இன்றைக்குப் புதுக் கட்டிலில்தான் படுத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வாள், தூக்கம் வந்துவிடும்.

கடைசியில் முழங்கால் போய், அவரை அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு பத்திரிகையில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. வெர்னா அட்டையில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தாள்.

இப்போது அதே லாட்டிமோர் உள்ளூர் மைதானத்துக்கு ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட வருகிறார்.

"இந்தக் கிறுக்கலையா நீட்டப் போறே?" என்றாள் உடன் வேலை பார்க்கும் ரெனீட்டா. "கடையில சுத்தமான அட்டை கிடைக்குது. வாங்கிட்டுப் போடி."

"அதுல இருக்கிறது வேற யாரோடி."

வீராப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் உதறல்தான். அடித்த ஒவ்வொரு பெயரும் அந்த மனிதரை வேண்டாம் என்ற ஊர். உங்களை விடாமல் பின்தொடர்ந்தேன் என்று சொல்லத்தான் அவளுக்கு ஆசை. அது ஆறின புண்ணைக் கிளறுவதாகிவிட்டால்?

வரிசை நகர்ந்து அவள் முறை வந்தது. கைத்தடியோடு உட்கார்ந்திருந்த கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடித்த பெயர்கள்மேல் விரலை மெதுவாக ஓட்டினார்.

"சின்னப் பிள்ளையில எழுதினது. தப்பா நினைக்காதீங்க" என்றாள் வெர்னா.

"எங்கெங்க தள்ளுனாங்கன்னு என் பொண்டாட்டிக்கே வரிசையாச் சொல்ல வராது. நீ எதுக்கும்மா எழுதினே?"

"என்னையும் அப்ப வீடு வீடா மாத்திக்கிட்டே இருந்தாங்க. நீங்கதான் எனக்குத் துணை."

அவர் கேள்விக்குறியை அடித்துவிட்டு, ஆட்டம் முடிந்து தான் போய்ச் சேர்ந்த ஊரையும் வேலையையும் 'லைமா. டயர் கடை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெர்னா நகரப் போனாள்.

"இரு, எங்க போறே?"

மேஜைமேலிருந்த, தன் படம் போட்ட புது அட்டைகளில் ஒன்றை எடுத்தார். அவள் பெயரைக் கேட்டு, அதன் பின்பக்கம் வெர்னா என்று எழுதினார்.

"இது எனக்கு. சொல்லும்மா. மொத வீடு எந்தத் தெருவுல?"

பின்னால் யாரோ இருமினார்கள். அவர் பேனாவை அட்டையிலிருந்து எடுக்கவே இல்லை. வெர்னா முதல் தெருவின் பெயரைச் சொன்னாள். அவர் எழுதி முடிக்கும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றுவிட்டு, அடுத்ததைச் சொன்னாள்.