இடது காலை மடக்காமல்

“இடது காலை மடக்காம ஏறு. மடக்குனா கணக்குல சேராது.”

சனிக்கிழமை காலை. டிராக்டர் கடை முற்றத்தில் நாலு பேர் வேடிக்கை பார்க்க, நான் ஒரு பச்சை டிராக்டரில் நொண்டிக்கொண்டே ஏறுகிறேன். வலது காலைப் படியில் வைத்து, கம்பியைப் பிடித்து, இடது காலை மரக்கட்டையாக்கி மேலே இழுக்க வேண்டும். கீழே ரோசிக்கா அக்கா தலையில் பூப்போட்ட துணியும் கையில் ஒரு குச்சியுமாக நிற்கிறார். என் முகத்தை அவர் பார்ப்பதே இல்லை. பார்வை முழுக்க என் காலில்தான். ஏறி முடித்ததும் குச்சியைத் தரையில் ஊன்றி, அதில் கத்தியால் வெட்டியிருக்கும் கோட்டைப் படியோடு ஒட்டிப் பார்ப்பார். படி கோட்டுக்கு மேலே இருந்தால் உதட்டைப் பிதுக்குவார்.

“எறங்கு. இவன் வேண்டாம்.”

எனக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருக்கின்றன. பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பிழைக்கிறவன், அக்காவின் பக்கத்து மேட்டுக்காரன். சனிக்கிழமை சும்மா இருப்பேன் என்பது அவருக்குத் தெரிந்துபோனதுதான் என் கெட்ட நேரம். அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. டிராக்டரைப் பாவாடை கட்டிய வயதிலிருந்து ஓட்டுகிறார். ஹலோசே மேடுகளில் எங்கள் திராட்சைத் தோட்டங்கள் சுவரில் சாய்த்த ஏணி மாதிரி நிற்கும். அதில் ஏறி இறங்கியவருக்கு ஒரு காரைக் கொண்டு போவதா கஷ்டம்? கேட்டால், “பின்னால ஒண்ணையும் இழுக்காத வண்டிய எதுக்குடா ஓட்டணும்?” என்பார். அதனால் கடை கடையாக அவரைக் கூட்டிப் போவது என் பொறுப்பு. கூலி ஒரு தட்டு கிபானிட்சா. பாலாடைக்கட்டியும் கசகசாவும் அடுக்கடுக்காக வைத்துச் சுட்ட அந்தப் பலகாரம் போகும்போதே பின் சீட்டில் மணக்கும். ஆனால் கையில் கிடைப்பது திரும்பி வந்த பிறகுதான்.

ஊருக்கு அவர் சொல்லியிருக்கும் காரணம் வேறு. பழைய டிராக்டர் ரொம்பச் சின்னது, அறுவடைக் காலத்தில் திராட்சை நிறைந்த வண்டியைப் பூட்டினால் சரிவில் வழுக்குகிறது, கொஞ்சம் பெரிதாக ஒன்று வேண்டும். இது பொய்யில்லை. போன வருஷம் ஒரு தொட்டி திராட்சையோடு வழுக்கி, பங்குச் சாமியார் வீட்டு வேலியில்தான் போய் நின்றது. முழு உண்மையை முதல் நாள் பயணத்திலேயே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, “வெளிய மூச்சு விட்டே, கிபானிட்சா கிடையாது” என்றும் எச்சரித்தார்.

உண்மை அவர் கணவர் விங்கோ அண்ணனின் இடுப்பு. ஆஸ்பத்திரியில் இடது பக்க மூட்டை மாற்றினார்கள். நடக்கிறார், படியேறுகிறார், சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறார், எல்லாம் பழையபடிதான். அந்தச் சின்ன டிராக்டரில் மட்டும் ஏற முடியவில்லை. அதன் நடுவே கியர் பெட்டி முதுகு மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். குதிரையில் ஏறுவதுபோல் காலை வீசி அந்தப் பக்கம் போட வேண்டும். வீடு வந்த பிறகு ஒரே ஒரு தடவை முயன்றார். ஒரு கால் இந்தப் பக்கமும் ஒரு கால் எந்தப் பக்கமும் இல்லாமல் மாட்டிக்கொண்டார். அக்கா பின்னாலிருந்து மூட்டையை இறக்குவதுபோல் அணைத்து இறக்கினார். அதற்குப் பிறகு அண்ணன் டிராக்டர் கொட்டகைப் பக்கமே போகவில்லை. ஏதாவது எடுக்க வேண்டுமென்றால் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார்.

எங்கள் பங்குக் கோயிலில் வசந்த காலத்தில் ஒரு ஞாயிறு டிராக்டர் மந்திரிப்பு. எல்லோரும் வண்டியைக் கழுவி, பூக்கட்டி, கோயில் முன்னால் வரிசையாக நிறுத்துவார்கள். சாமியார் ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். எனக்கு நினைவு தெரிந்து அந்த வரிசையில் முதல் வண்டி விங்கோ அண்ணனுடையதுதான். பூசைக்கு நேரமாகிறது என்று மணி அடிக்கும் முன்பே போய் நின்றுவிடுவார். போன வருஷம் போகவில்லை. குளிராம். ஒயின் நிலவறை ஜன்னலோரம் நின்று, மேட்டுச் சாலையில் போகும் வண்டிகளைச் சத்தத்தை வைத்தே சொன்னாராம். “இது மார்யானோடது. சைலன்சர் போயிருக்கு. இவனா முன்னாடி போறான்?” அதைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றவர்தான் அக்கா. இந்த வருஷ மந்திரிப்புக்கு அண்ணன் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும், வேறு எதுவும் அக்காவுக்கு வேண்டாம்.

அதனால்தான் குச்சி. அதில் உள்ள கோடு நிலவறைப் படியின் உயரம். சுவரைப் பிடிக்காமல், முகத்தைச் சுளிக்காமல் அண்ணன் ஏறுகிற ஒரே படி அதுதான் என்பது அக்காவின் கண்டுபிடிப்பு.

“அக்கா, அது ஒயினுக்கு ஏறுற உயரம். டிராக்டருக்கு அவ்வளவு ஏறுவாரா?” என்றேன்.

“வாய மூடிக்கிட்டு ரோட்டப் பாரு.”

கடைக்காரர்களுக்கு அக்கா ஒரு சோதனை. தமியான் என்று ஒரு விற்பனைப் பையன், தலைமுடி நிறையப் பசை, வாய் நிறைய எச்.பி. என்கிற குதிரைசக்திக் கணக்கு. இது இருபத்தைந்து, அது முப்பத்தைந்து, இதில் நாலு சக்கரமும் இழுக்கும், அதில் முன்னால் வாளி மாட்டலாம் என்று அடுக்குவான். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “குதிரைய நான் எண்ணிக்கிறேன் கண்ணு. படியச் சொல்லு” என்பார். அவன் விலைப்பட்டியலில் படி இல்லை. பாவம், ஒருநாள் இரவல் டேப்பை வாங்கிவந்து அளந்து சொன்னான். அதை அக்கா நம்பவில்லை.

மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர் மாதிரிதான் அவர் பேச்சும். கம்பெனிப் பெயரெல்லாம் வாயில் வராது, நிறம்தான் பெயர். “அந்த ஆரஞ்சு நல்ல பையன். கிளட்சே இல்ல, வலது கால்ல ஒரு பெடல் போதும். ஆனா நம்ம பழசு மாதிரியே நடுவுல முதுகு. காலத் தூக்கிப் போடணும்.” “நீலத்துக்கு தரை சமமா இருக்கு, பெரிய ஆளு. ஆனா படி, கோயில்ல பாட்டுக்காரங்க மாடிக்கு ஏறுற ஏணி.” “பச்சைக்குப் படி கொஞ்சம் உசரம், பொறுத்துக்கலாம்னு பாத்தா கிளட்ச மிதிக்க காளை வேணும்.” சின்னதில் காலை வீச வேண்டியிருக்கிறது, பெரிதில் காலைத் தூக்க வேண்டியிருக்கிறது. இடைப்பட்ட ஒன்றைத் தேடித்தான் எங்கள் சனிக்கிழமைகள் போயின. அதுவும் இரண்டு திராட்சை வரிசைக்கு நடுவே நுழைகிற அகலத்தில் இருக்க வேண்டும், சரிவில் கவிழாத தாழ்வில் இருக்க வேண்டும்.

இவ்வளவு கறாரான மனுஷியும் ஒருநாள் சறுக்கினார். கண்ணாடி அறை வைத்த ஒரு மகா பெரிய டிராக்டர். உள்ளே ரேடியோ. அக்கா ஏறி உட்கார்ந்தார், யாரோ அக்கார்டியன் வாசித்தார்கள், அக்கா கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே ஒரு காப்பி குடித்து, இன்னொரு காப்பியும் குடித்து முடித்த பிறகுதான் கதவு திறந்தது. அந்த வண்டி எங்கள் தோட்டத்தில் நுழைந்தால் இரண்டு வரிசைத் திராட்சையைச் சக்கரத்திலேயே பிழிந்துவிடும். படியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். “பாட்டு நல்லா இருந்துச்சு” என்றார் அக்கா, என் பக்கம் திரும்பாமல். குச்சியை அன்றைக்கு எடுக்கவே இல்லை.

கடைசியில் ஓர்மோஜ் பக்கம் ஒரு சின்னக் கடையில், தகரக் கூரைக்குக் கீழே, கருஞ்சிவப்பாய் ஒன்று நின்றது. பழையதைவிட ஒரு சுற்றுப் பெரிது. தரை சமம். முன்னால் போகவும் பின்னால் வரவும் கைப்பிடி. நிறுத்தும்போதும் கிளப்பும்போதும் மட்டும் கிளட்ச், அதுவும் வெண்ணெய். மட்கார்டு மேல் பக்கவாட்டில் இன்னொருவர் உட்கார ஒரு சீட். நான் நொண்டி ஏறினேன், நொண்டி இறங்கினேன். அக்கா குச்சியை ஊன்றினார். படி கோட்டுக்கு ஒரு விரல் அகலம் மேலே இருந்தது.

அக்கா குனிந்தபடியே நெடுநேரம் நின்றார். பிறகு பாவாடைப் பையிலிருந்து கத்தியை எடுத்து, பழைய கோட்டுக்கு ஒரு விரல் மேலே புதிதாக ஒரு கோடு வெட்டினார்.

“ஒரு விரல் வலிக்கும்,” என்றார். “வலிக்கட்டும்.”

மந்திரிப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது வண்டி வந்து இறங்கியது. கொண்டுவந்த ஆள் கடையில் நாங்கள் அளந்ததைப் பார்த்தவன். நல்லவன், வாய்தான் கொஞ்சம் அகலம். சாவியை விங்கோ அண்ணன் கையில் கொடுத்து, “குடுத்து வச்சவரு நீங்க. உங்க காலுக்குன்னே அக்கா குச்சி வச்சு அளந்து எடுத்தாங்க” என்றான். அண்ணன் முகம் அப்படியே இறுகிவிட்டது. சாவியைத் திண்டுமேல் வைத்தார்.

“ஊரெல்லாம் என் கால அளந்துட்டு வந்திருக்கா. நான் என்ன நொண்டியா? வாங்குனவளே ஓட்டட்டும்.”

சொல்லிவிட்டு நிலவறைக்குள் போய்விட்டார். அன்று எனக்கு வந்த கிபானிட்சாவில் உப்பு இல்லை.

அந்த வாரம் முழுக்க நான் வேனில் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்தேன். அக்கா தோட்டத்தில் கொடி கட்டிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து அண்ணன் வண்டியைச் சுற்றி வருவார். ஒருநாள் பானெட்டைத் திறந்து எண்ணெய் பார்த்தார். ஒருநாள் சக்கரத்தில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் நோண்டினார். எந்தக் குச்சி என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. ஆனால் காலைத் தரையிலிருந்து எடுக்கவே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. வேனுக்குள் பிள்ளைகள் இருந்ததால் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டேன்.

ஞாயிறு காலை என் குட்டி டிராக்டரைக் கழுவி எடுத்துக்கொண்டு அவர்கள் வாசலுக்கு வந்தபோது, கருஞ்சிவப்பு வண்டி பச்சை இலையும் காகிதப் பூவும் கட்டி மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது. அக்கா கோயில் உடையில் அதன் மேல் உட்கார்ந்திருந்தார். ஓட்டுகிற சீட்டில் இல்லை. பக்கத்துச் சீட்டில், கையைக் கட்டிக்கொண்டு. நிலவறை வாசலில் அண்ணன். வேடிக்கை பார்க்கத்தான் நிற்கிறாராம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, துடைத்த பூட்ஸ், தொப்பி எல்லாம் இருந்தன.

“ஏங்க,” என்றார் அக்கா, “இந்தச் சாவிய எந்தப் பக்கம் திருகணும்?”

“கடை கடையா ஏறி எறங்குனவளுக்குத் தெரியாதாக்கும்.”

“ஏறி எறங்கத்தான் செஞ்சேன். கிளப்பவா செஞ்சேன்?”

“பொய் சொல்லிட்டு கோயிலுக்குக் கெளம்புறா பாரு.”

“சரி விடுங்க. இங்கயே உக்காந்திருக்கேன். மார்யான் போய் முன்னாடி நிக்கட்டும். அவன் வண்டியிலயே மொதல்ல தீர்த்தம் படட்டும்.”

“அவனா? அந்தச் சைலன்சர் சத்தத்துக்குச் சாமியாரே ஓடிருவாரு.”

“ஓடட்டும். நமக்கென்ன?”

நேரம் பார்த்து மேட்டுச் சாலையில் அந்தச் சத்தமும் கேட்டது. வளைவுக்கு அப்பால், இன்னும் கண்ணுக்குத் தெரியாமல், படபடவென்று மார்யான் வந்துகொண்டிருந்தான். அண்ணன் சாலையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், தொப்பியை ஒரு இழுப்பு இழுத்தார். என் பக்கம் திரும்பி, “நீ என்னடா பல்லக் காட்டுற?” என்று ஒரு அதட்டல். பிறகு முற்றத்தைக் கடந்து வந்து கம்பியைப் பிடித்து, வலது காலைப் படியில் வைத்தார்.

எந்தக் கடையிலும் நான் ஏறும்போது காலிலிருந்து கண்ணை எடுக்காத ரோசிக்கா அக்கா, அப்போது முகத்தை முழுவதுமாக அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்னும் தளிர் விடாத திராட்சைக் கொடிகளைப் பார்த்தபடி, ஒரு காகிதப் பூவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். இடது கால் படியில் இடறிய சத்தம் கேட்டது, ஒரு முனகல் கேட்டது, சீட்டின் சுருள்கம்பி அழுந்தியது. எஞ்சின் கிளம்பும்வரை அவர் திரும்பவே இல்லை.