பொம்மிடியில் ஒரு பிராக்டிகல்

முதலில் நான் ‘கல்விச் சுற்றுலா’ என்றுதான் சொன்னேன். அந்த வார்த்தைதான் காரியத்தைக் கெடுத்தது.

“ஊர் சுத்தறதுக்கு என்னாங்க டீச்சரம்மா படிப்பு? சுத்துனா புள்ளைங்க கெட்டுப்போயிரும்னுதானே பள்ளிக்கூடத்த வுட்டு நிறுத்தி வூட்டுல வச்சிருக்கறோம்?” என்றார் ஓர் அப்பா. மற்ற அப்பாக்கள் பலமாகத் தலையாட்டினார்கள். தமிழில் இத்தனை சொற்கள் இருக்க, படிக்கப் போகிற பயணத்துக்குச் ‘சுற்று’ என்று தொடங்குகிற பெயரை வைத்த புண்ணியவான் அன்றைக்கு என் கையில் கிடைத்திருக்க வேண்டும்!

எண்பதுகளின் நடுவில், இண்டூரில், எங்கள் வீட்டுப் புளிக் கொட்டகையில் நடந்த பேச்சு இது. அந்த அப்பாக்களின் பெண்கள் என்னிடம் படித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் வயசுக்கு வந்த கையோடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர்கள். வீட்டில் இருந்தபடியே படித்து எட்டாம் வகுப்புப் பரீட்சையைப் பிரைவேட்டாக எழுதலாம் என்று நான்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்லி அவர்களைச் சேர்த்தேன். இதைச் சமூக சேவை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் தாவரவியலில் பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் ஊரில் ஆளாளுக்கு ஒரு மாப்பிள்ளை ஞாபகத்துக்கு வந்துவிடும். எனக்கு வரன் அமைய வேண்டும் என்று என் அம்மா மாதாவுக்கு நவநாள் ஜெபம் செய்துகொண்டிருந்தாள். அமைந்துவிடக் கூடாது என்று நானும் அதே மாதாவிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ‘டீச்சர்’ என்று ஒரு பெயர் வந்துவிட்டால் கொஞ்ச காலத்துக்குத் தள்ளிப்போடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஆனால் பாடம் நடத்த ஆரம்பித்ததும் எனக்கே ஆத்திரமாக வந்தது. புத்தகத்தில் அணைக்கட்டு இருந்தது, சந்தை இருந்தது, ரயில் நிலையம் இருந்தது. பெண்கள் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். ஒருத்தி மட்டும், “ரயில் பெட்டின்னா அதுக்குப் பூட்டு இருக்குமாங்கக்கா?” என்று கேட்டாள். சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடித்ததும் இவர்களைக் கொட்டகைக்கு வெளியே கூட்டிப்போகாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அடுத்த முறை அப்பாக்களைக் கூப்பிட்டு, “பரீட்சையில பாதி பிராக்டிகலுங்க. அதுக்கு நேர்ல போய்ப் பாக்கணும்” என்றேன். எட்டாம் வகுப்புக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் ‘பிராக்டிகல்’ என்ற சொல்லில் சுற்றுவதற்கு எந்த இடமும் இல்லை. “பிராக்டிகல்னா சரிதானுங்க, அத வுடக்கூடாது” என்று முதலில் சொன்னவர், சுற்றுலாவை முதலில் எதிர்த்த அதே அப்பா.

இப்படியாக எங்கள் பிராக்டிகல்கள் தொடங்கின. தபால் ஆபீசுக்குப் போனோம். எங்கள் கூட்டத்தைப் பார்த்த போஸ்ட் மாஸ்டர் ஏதோ புகார் கொடுக்க வந்திருக்கிறோம் என்று பயந்துபோனார். தர்மபுரியில் பட்டுக்கூடு விற்கிற மார்க்கெட்டுக்குப் போனோம். நாற்றம் தாங்காமல் ஒரு பெண் வாசலிலேயே வாந்தி எடுத்தாள். மறுநாள் அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, ‘பட்டு கண்ணைக் கவரும் அழகுடையது’ என்று அவளே தொடங்கியிருந்தாள். பாடப்புத்தகம் அவர்களை எந்த அளவுக்குக் கெடுத்து வைத்திருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கூட்டத்தில் நெட்டையாக ஒருத்தி இருந்தாள். அதிகம் பேச மாட்டாள். கணக்கில் மட்டும் எனக்கு முன்னால் விடையைச் சொல்லிவிட்டு, சொன்னதற்காக வெட்கப்படுவாள். சுற்றுலாவை எதிர்த்துவிட்டுப் பிராக்டிகலுக்குத் தலையாட்டிய அதே அப்பாவின் மகள் அவள். ஒரு நாள் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள்.

“எங்க மாமனுக்கே என்னைக் குடுக்கறாங்களாம் அக்கா. பரீட்சைக்கு முந்தி முகூர்த்தம் வச்சிருவாங்களாட்டம் இருக்குது. இன்னும் ஒரு பிராக்டிகல் பாக்கின்னு எங்கப்பாகிட்ட சொல்றீங்களா?”

அவளுடைய தாய்மாமனை எனக்குத் தெரியும். டிராக்டர் ஓட்டுகிறவன், அவளைவிட ரொம்ப மூத்தவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போய், பொம்மிடியில் ரயில் பிராக்டிகல் பாக்கி இருப்பதாகவும் அதை முடிக்காமல் எதையும் செய்ய முடியாது என்றும் சொன்னேன். அப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

“அதுக்கு மார்க்கு யாருங்க போடறது?”

“எக்ஸாமினருங்க” என்றேன் யோசிக்காமல்.

“அப்ப ஒண்ணு பண்ணலாங்க டீச்சரம்மா. நானே கூட வர்றேன். அந்த எக்ஸாமினர் வாயால பாஸுன்னு ஒரு வார்த்த கேட்டுட்டா எனக்குப் போதும். படிச்ச புள்ளன்னு மச்சானுக்குச் சொல்லிக் குடுத்துரலாம். அதுக்கு மேல பரீட்ச எதுக்கு?”

நான் கட்டிய பொய் திரும்பி வந்து என் கழுத்தையே பிடித்தது. பாஸ் என்று யாராவது சொல்லிவிட்டால் கல்யாணம் நடக்கும். பிராக்டிகலே கிடையாது என்று யாராவது சொல்லிவிட்டால், கல்யாணத்தோடு என் வகுப்பும் முடிந்துவிடும். வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. அப்பாவும் மற்றப் பெண்களும் கூட வர, தர்மபுரி போய்ப் பஸ் மாறிப் பொம்மிடி போய்ச் சேரும் வரை நெட்டைப் பெண் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஸ்டேஷனில் எல்லோருக்கும் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக் கொடுத்தேன். மெட்ராஸ் பக்கமிருந்து பெரிய வண்டி ஒன்று வந்து நின்றது. பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். ஒரு பெட்டியின் வாசலிலிருந்து கருப்புக் கோட்டு போட்டவர் ஒருவர் இறங்கினார்.

“டி.டி.ஆரு பாருங்கடி” என்றாள் விவரமான ஒருத்தி.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் படித்தவள் என்ற திமிர் என்னை எப்போதும் சும்மா இருக்க விட்டதில்லை. “டி.டி.ஆர். இல்ல, டி.டி.இ. அப்டின்னா டிராவலிங் டிக்கெட் எக்ஸாமினர்” என்று சத்தமாக விளக்கினேன்.

விளக்கி முடித்துத் திரும்பினால் அப்பாவைக் காணோம். தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கருப்புக் கோட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் ஓடினேன்.

“ஐயா, அதா ஒசரமா நிக்குது பாருங்க, நம்ம பொண்ணுங்க. பாத்து ஒரு பாஸ் போட்டுக் குடுங்க.”

“பாஸா? நீங்க ரயில்வேல இருக்கீங்களா?”

“இல்லீங்க, வெவசாயம்.”

“அப்ப பாஸ் கிடையாது. ரயில்வேக்காரங்க பிள்ளைங்களுக்குத்தான் பாஸ்.”

நான் பாதி வழியிலேயே நின்றுவிட்டேன். குறுக்கே போய்த் திருத்த என் கால் நகரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரைத் திருத்தாமல் இருந்தேன்.

“அதெப்புடிங்க? எம் புள்ள எல்லாம் படிச்சிருக்குதுங்க. நீங்க என்னா வேணா கேட்டுப் பாருங்க!”

“படிச்சா என்னய்யா, ரூல் அதுதான்.”

“அப்ப வெவசாயி புள்ள எவ்ளோ நல்லாப் பண்ணுனாலும் பாஸ் கெடையாதா?”

“கிடையாது. நேரமாச்சு, வழிய விடுங்க.”

கார்டு விசில் ஊதினார். கருப்புக் கோட்டு ஏறிக்கொண்டது. வண்டி நகர நகர அப்பாவும் கூடவே நடந்தார். “பாக்காமலே பெயிலுன்னு சொல்லலாமா? உங்க புள்ளைங்களுக்கு மட்டுந்தான் மூள இருக்குதா? என்னா ஞாயம் இது?” என்று பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் கத்தினார். போர்ட்டர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் பெண்கள் ஒருத்தி முதுகில் ஒருத்தி முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்கள். நெட்டைப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

“எங்கப்பா எனக்குன்னு யாருகிட்டயும் சண்ட போட்டதே இல்லீங்கக்கா” என்றாள். கொஞ்ச நேரத்துக்கு அந்த மனிதர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். தர்மபுரி நெருங்கும்போது எழுந்து வந்து என் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அந்தக் கருப்புக் கோட்டு வேலைக்கு என்னா படிக்கணுங்க டீச்சரம்மா?”

“பத்தாவது பாஸ் பண்ணிட்டு ரயில்வே பரீட்ச எழுதணுங்க.”

“பொம்பளப் புள்ளைங்களுக்கும் குடுப்பாங்களா?”

பெண் டி.டி.இ. ஒருவரை நான் அதுவரைக்கும் கண்ணால் பார்த்ததில்லை. “தாராளமாக் குடுப்பாங்க” என்றேன்.

அவர் ஜன்னலோரம் இருந்த மகளைப் பார்த்தார். அவள் வெளியே பார்ப்பதுபோல் இருந்தாள். காது இங்கேதான் இருந்தது.

“அப்ப இவ அதையே படிக்கட்டுங்க. நாளைக்கு வெவசாயி வூட்டுப் புள்ள எதாச்சும் வந்து நின்னா, அதுக்கு இவ பாஸ் போடுவா. மச்சானுக்கு வேற எடம் பாக்கச் சொல்லிர்றேன்.”