மேற்கோள்குறி இல்லாத நாடு

ஒரு நாட்டின் குறியீடு ‘no’ என்று இருந்தால் என்ன நடக்கும் என்பது ஒஸ்லோவில் கணினி வேலை பார்க்கும் எங்களுக்குத்தான் தெரியும். சுவீடன்காரருக்கு ‘se’, டென்மார்க்காரருக்கு ‘dk’. அவர்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. நோர்வேக்கு வாய்த்தது ‘no’. நாங்கள் பயன்படுத்திய வகை அமைப்புக் கோப்பில் அந்த இரண்டு எழுத்தையும் மேற்கோள்குறிக்குள் வைக்காவிட்டால், கணினி அதை ஒரு நாடாகப் படிக்காது. ‘இல்லை’ என்று படிக்கும்.

நோயாளிகளை மருத்துவமனைக்கு ஏற்றிப் போகும் டாக்சிகளைப் பதிவுசெய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் சேர்ந்து ஐந்து மாதம் கழிந்திருந்தது. தகுதிகாண் காலம் ஆறு மாதம். எங்கள் கணினி டாக்சிக்காரர்களின் சேவர் கணினியோடு பேசுவதற்கான கிளையன்ட் என்ற நிரலை பைதான் மொழியில் எழுதியது நான்தான். எந்த முகவரிக்குப் போவது, பதிலுக்கு எத்தனை விநாடி பொறுப்பது, பதில் வராவிட்டால் எத்தனை தரம் திரும்பக் கேட்பது, எந்த நாடு, எல்லாவற்றையும் அது ஒரே கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தக் கோப்பில் எழுத்தாக இருந்த ஒவ்வொன்றுக்கும் நான் மேற்கோள்குறி போட்டிருந்தேன். பார்க்க அழகில்லைத்தான். அழகுக்காக நான் அதைப் போடவில்லை.

எங்கள் குழுத்தலைவருக்கு அழகு முக்கியம். ஒரு மாற்றத்தை இன்னொருவர் பார்த்த பிறகுதான் போடவேண்டும் என்பது எங்கள் விதி. அவர் தலைவர் என்பதால் விதி அவருக்குக் கொஞ்சம் இளகும். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், யாருக்கும் காட்டாமல், தேவையில்லாதவை என்று அந்தக் குறிகளையெல்லாம் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை கிளையன்ட் கோப்பைத் திறந்து, ‘நாடு: இல்லை’ என்று படித்தது. நாடு இல்லாவிட்டால் பரிசோதனைச் சேவருக்குப் போ என்று முன்பு எழுதிவைத்தது நான். பரிசோதனைச் சேவர் மகா பண்பானது. எதைக் கேட்டாலும் உடனே ‘பதிவாகிவிட்டது’ என்று சொல்லும், உண்மையில் எந்த டாக்சிக்கும் தகவல் போகாது. பொறுக்க வேண்டிய தேவையுமில்லை, திரும்பக் கேட்க வேண்டிய தேவையுமில்லை. எங்கள் திரை முழுக்கப் பச்சையாக இருந்தது. வீதியில் மட்டும் ஒரு டாக்சியும் வரவில்லை.

பத்து மணிக்குள் காரணத்தைப் பிடித்துக் கோப்பைத் திருத்தினேன். டாக்சிகள் ஓடத் தொடங்கியதும் தலைவர் என் மேசைக்கு வந்தார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மெல்லிய குரலில், “இது உன் கிளையன்ட்தானே. ஆவ்வீக்கை நீயே எழுதிவிடு, சுருக்கமாக” என்றார். நடந்த தவறை எழுதிக் கொடுக்கும் படிவத்துக்கு இங்கே அந்தப் பெயர். போகும்போது, “உன் தகுதிகாண் காலத்தைப் பற்றியும் விரைவில் பேசவேண்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் சாப்பிடும்போது, சென்னையிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்யும் பெண்ணிடம் சொன்னேன். “புரொபேஷன்ல இருக்கீங்க. ஒரு லைன்தானே, அட்ஜஸ்ட் பண்ணி எழுதிக் குடுத்துடுங்க. எதுக்கு வம்பு?” என்றாள். அவள் என் நன்மைக்குத்தான் சொன்னாள். எனக்கும் அப்போது அது சரியென்றே பட்டது. படிவத்தைத் திறந்து, காரணம் என்ற இடத்தில் ‘என் பிழை’ என்று எழுதியும்விட்டேன்.

அனுப்புவதற்குள் வாடிக்கையாளர் சேவைப் பெண் ஒரு தொலைபேசியோடு வந்தாள். ஒஸ்லோவின் ஓரத்தில் ஹொல்ம்லியாவில் ஒரு நோயாளி, இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர், உன் மொழிக்காரர் போலிருக்கிறது, கொஞ்சம் பேசிவிடு என்றாள். வயதான ஒருவரின் குரல். நான் வணக்கம் சொன்னதும் அவர் தொடங்கிவிட்டார்.

“ஓம் பிள்ளை, நான் ஏழு மணிக்கே கீழை வந்து நிண்டனான். ஒரு மணித்தியாலம் நிண்டு பாத்தன், ரக்சி வரேல்லை. பிறகு ரெயின் எடுத்துப் போனனான். நான்தான் திகதியை மாறிச் சொல்லிப்போட்டன் போலை. என்ரை நோர்ஸ்க் பாஷை காணாதுதானே. அவையளுக்குக் கரைச்சல் குடுத்துப்போட்டன், மன்னிக்கச் சொல்லிவிடும்.”

“இல்லை ஐயா, உங்கடை பிழை இல்லை. பிழை எங்கடை பக்கம்தான்.”

“சீச்சீ, அப்பிடிச் சொல்லாதையும். அவையள் பிழை விடமாட்டினம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மீதல்ல. பனிக்குள் ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டு மன்னிப்பும் கேட்கிற அந்தப் பழக்கத்தின் மீது. இங்கே எது பிசகினாலும் எங்கள் ஆட்கள் முதலில் தங்கள் சட்டைப்பையைத்தான் தடவிப் பார்ப்பார்கள். கடிதம் தொலைந்தாலும், பெயரைப் பிழையாக எழுதினாலும், நான்தான் சரியாகச் சொல்லவில்லை என்பார்கள். நானும் அதைத்தானே எழுதிவைத்திருந்தேன்? அவருக்காவது மொழி காணாது. எனக்கு என்ன காணாது?

எழுதியதை அழித்தேன். இரண்டு வரி எழுதினேன். நாடு இல்லாதபோது பரிசோதனைச் சேவருக்குப் போகும்படி வைத்தது என் தவறு. யாரும் பார்க்காமல் மேற்கோள்குறிகளை நீக்கியது குழுத்தலைவரின் தவறு. பிறகு கிளையன்டையும் மாற்றினேன். நாடு சரியாக இல்லாவிட்டால் இனி அது தொடங்கவே தொடங்காது, சிவப்பில் சத்தம் போட்டுக்கொண்டு நிற்கும். அது இனி யாருக்கும் பண்பாக நடக்கத் தேவையில்லை.

அடுத்த நாள் காலை தலைவர் என் பக்கத்தில் நின்றபடி வரைவை வாசித்தார்.

“இரண்டாவது வரி தேவையா?”

“தேவை.”

“பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவது இங்கே வழக்கமில்லை. ‘வீ’ என்று போட்டுவிடு. தவறு நடந்துவிட்டது, திருத்திவிட்டோம். அவ்வளவுதான்.”

நோர்வேஜிய மொழியில் தலைவரும் ‘நீ’தான்; தன்மைப் பன்மைக்கும் ‘வீ’ ஒன்றுதான். அவர் சொன்ன ‘வீ’க்குள் நான் இருந்தேன், என் கிளையன்ட் இருந்தது. அவரைக் காணவில்லை.

“என் மொழியில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது” என்றேன். “‘நாங்கள்’ என்றால் எதிரில் நிற்பவர் சேரமாட்டார். ‘நாம்’ என்றால் அவரும் சேர்த்தி. நீ எதைக் கேட்கிறாய்?”

அவருக்கு விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்தினேன். “நீயும் உள்ளே வருவதென்றால் ‘நாம்’ என்ற பொருளில் எழுதுகிறேன். கீழே உன் பெயரும் வரவேண்டும்.”

“உன் தகுதிகாண் காலம் முடிய இன்னும்…”

“மூன்று கிழமை இருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருந்தால் சொல், மூன்றாவது வரியாகச் சேர்க்கிறேன்.”

அவர் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்து, விசைப்பலகையைத் தன் பக்கம் திருப்பி, என் பெயருக்குக் கீழே தன் பெயரை அடித்தார். அவர் சிரிக்கவில்லை. அனுப்பும் பொத்தானை நான் அமுக்கினேன்.

மூன்று கிழமை கழித்து நிரந்தர நியமனக் கடிதத்தைத் தந்தபோதும் அவர் சிரிக்கவில்லை. பரவாயில்லை. நான் அங்கே சிரிப்பு வாங்கப் போகவில்லை.