ஷார்ஜாவில் சின்னையா பாடிய பாட்டு

ஞாயிறு, காலை பத்து மணி. துபாய் அல் குபைபா நிலையத்தில் ஷார்ஜா பேருந்து ஏறினேன். கட்டணம் பன்னிரண்டு திர்ஹாம். என் மடியில் புதுக்கோட்டையில் வாங்கிய அரிதார டப்பா. உலகத்து ஒப்பனைச் சாமான்களெல்லாம் விற்கிற ஊருக்கு அரிதாரம் சுமந்து போனவன் நானாகத்தான் இருப்பேன். கேட்டது சின்னையா அண்ணன், தட்ட முடியவில்லை.

கீரனூர்ச் சின்னையா எங்கள் பக்கத்துத் திருவிழா நாடகங்களில் பபூன். பாட்டைத் தானே கட்டி, எட்டுக்கட்டைக் குரலில் பாடுவார். பபூனுக்கு ஒரு முறை உண்டு. முதல் அடிகளைத் திரைக்குப் பின்னால் நின்று பாடுவான். "யாருடா இவன்" என்று கூட்டம் கழுத்தை நீட்டும்போது திரை விலகும், ஆடிக்கொண்டு வருவான். சொந்தப் பாட்டென்றால் கடைசி அடியில் தன் பேரையும் ஊரையும் வைப்பான். நாடகங்கள் குறைந்து போக, அண்ணன் இங்கே வந்து சில வருடங்களாகக் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறார்.

ஷார்ஜாவின் ஜுபைல் நிலையத்திலிருந்து தொழில்பேட்டைக்கு டாக்ஸி, இருபத்திரண்டு திர்ஹாம். ஓட்டுநர் பெஷாவர்க்காரர். "பாய், ஆஜ் சப் பந்த் ஹை" என்று பூட்டிய பட்டறைகளைக் காட்டினார். சின்னையா அண்ணன் ரூம் வாசலிலேயே நின்றிருந்தார்.

"கொண்டாந்துட்டியா தம்பி?"

"நெசமாவே மேடையாண்ணே?"

"பொங்கல் விழாப்பா. போன்ல பாடி அனுப்பச் சொன்னாக, அனுப்புனேன். புடிச்சுப்போச்சு. திரைக்குப் பின்னாலருந்து பாடணுமாம். பாத்தியா, இங்கயும் முறை தெரிஞ்சவுக இருக்காக!"

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. கண்ணாடித் துண்டை ஜன்னலில் சாய்த்து, ஒரு மணி நேரம் அரிதாரம் பூசினார்.

பிற்பகல் மூன்று மணி. பள்ளிக்கூட அரங்கம் நிறையக் குடும்பங்கள். பட்டுப்பாவாடைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கோட்டு போட்ட சங்கச் செயலாளர் அண்ணனின் முகத்தைப் பார்த்து, "இதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். இருட்டில், மேடையோரத் திரைக்குப் பின்னால் அண்ணன் குரலெடுத்தார்.

"டூட்டின்னா யல்லா யல்லா,
லீவுன்னா மாஃபி மாஃபி..."

யல்லா என்றால் சீக்கிரம், மாஃபி என்றால் இல்லை; இங்கே எல்லாருக்கும் பழகிய அரபி. அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. அண்ணன் ஒரு காலை முன்வைத்தார். முன்திரை விலகியது. மேடை நடுவில் லுங்கி கட்டிக்கொண்டு சென்னை டிவி காமெடி நடிகர் ஒருவர் நின்றார். பாட்டுக்கு வாயசைத்தார்.

செயலாளர் அண்ணனின் தோளைப் பிடித்து இழுத்தார். "நீங்க இங்கயே நின்னு பாடுங்க. முன்னாடி அவர்தான். அதான் அன்னைக்கே சொன்னேனே!"

அண்ணன் பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்திப் பழக்கமில்லாத மனுஷன். கடைசி அடி வந்தது. "பாட்டுக் கட்டி வந்தவன் கீரனூர்ச் சின்னையா!" வழக்கத்தைவிட உரக்கப் பாடினார். டிவிக்காரர் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டிக் கும்பிட்டார்.

"ஒன்ஸ் மோர் சின்னையா!" என்று கூட்டம் கத்தியது. அந்த ஆள் கையை ஆட்டினார்.

பக்கத்து அறையில் அண்ணன் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்தார். வெளியே ஒரு சிறுமி, "சின்னையா அங்கிள், ஒரு செல்ஃபி!" என்று யாரிடமோ கொஞ்சினாள்.

"போய்ச் சொல்லட்டுமாண்ணே?"

"என்னன்னு சொல்லுவ? நாந்தான் சின்னையான்னா? அதுக்கும் சிரிப்பாக, தம்பி. நல்ல காமெடிம்பாக."

டப்பாவை மூடி என் கையில் வைத்தார். "இத ஊருக்கே கொண்டுபோயிரு. எனக்கு இனி எதுக்கு? காலைல டூட்டி."

மாலை ஆறரை மணி, திரும்பும் பேருந்து, அதே பன்னிரண்டு திர்ஹாம். எங்கள் ஊர் மேடையில் பெட்ரோமாக்ஸ் அணைந்து போகும், மைக் கூவும். ஆனால் திரை விலகினால் பாடியவன் நிற்பான். இத்தனை விளக்குப் போட்ட ஊரில் அது நடக்கவில்லை. முன் இருக்கையில் ஒரு தமிழ்க் கணவனும் மனைவியும் விழா வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள்.

"சின்னையாங்கறது இவர் நிஜப் பேரா?" என்றார் அந்தப் பெண்.

"அது பாடினவர் பேருங்க" என்றேன்.

"இவர்தானே சார் பாடறாரு" என்று கணவர் போனை என் பக்கம் திருப்பினார்.

பார்த்தேன். வாயசைப்பு ஓரிடத்திலும் பிசகவில்லை.