பரமசிவம் அண்ணனின் கால் பரேடு

எங்கள் மேல்வீட்டுப் பரமசிவம் அண்ணனுக்கு யாரைக் கண்டாலும் முதலில் பார்வை போவது காலுக்குத்தான். வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் இருபத்தாறு வருஷம் நர்சிங் அசிஸ்டென்ட். சிப்பாய்கள் நெடுந்தூரம் நடந்து வந்து பூட்ஸைக் கழற்றியதும் ஒவ்வொரு பாதமாகச் சோதிப்பது அவர் வேலை. ஓய்வு பெற்று டில்லி மயூர் விஹாருக்கு வந்த பிறகாவது பழக்கம் விட்டதா? நவம்பர் பிறந்தால் போதும், ஞாயிறுதோறும் பார்க் வெயிலில் பரேடு. செக்யூரிட்டி, காய்கறி வண்டிக்காரர், என்னைப் போன்ற ஆபீஸ்காரிகள், ஒருத்தரும் தப்ப முடியாது.

"உஷாராணி, இது இன்னா குதிகாலா, காஞ்சுபோன ஏரித் தரையா? பிளேடால சுரண்டினியா? தொலைச்சிடுவேன்! வெதுவெதுன்னு தண்ணியில பத்து நிமிஷம் வை. தொடைச்ச கையோட வாசலின் பூசி சாக்ஸ் போடு. அச்சா? அடுத்த கால், ஜல்தி!"

மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் காலை நீட்டுவேன். ஆனால் மூன்றே வாரத்தில் என் குதிகால் குளிருக்குப் போர்த்தும் ரஜாய் உறையில் மாட்டி இழுப்பது நின்றது. அதையும் சொல்லத்தானே வேண்டும்!

இத்தனை காலைப் பார்த்த மனுஷன் பார்க்காத கால் வீட்டிலேயே இருந்தது. அவர் மனைவி அம்சவேணி அக்காவுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. காலைக் காட்டச் சொன்னால் புடவைக்குள் இழுத்துக்கொள்வார். புருஷன் பெண்டாட்டி காலைத் தொட்டால் அவன் ஆயுசுக்கு ஆகாதாம். என்ன பிடிவாதம் அம்மா அது!

போன ஜனவரியில் ஒருநாள் விடிந்ததும், அண்ணன் பதறிக்கொண்டு என்னைக் கூப்பிட வந்தார்; அவரைத்தான் அக்கா காலைத் தொட விடமாட்டாரே. அவர்கள் வீட்டுச் சமையலறைத் தரையில் ரத்தப் புள்ளிகள். ஓடிப்போய் அக்காவின் இடது காலைத் தூக்கிப் பார்த்தேன். குதிகால் ஆழமாகப் பிளந்து, சுற்றிலும் சிவந்திருந்தது.

"எனக்கு வலிக்கவே இல்லியே உஷா" என்றார் அக்கா.

அதைக் கேட்டதும் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. வலி தெரியாமலே காலை இழந்தவர்களை ஆஸ்பத்திரியில் பார்த்தவர் அவர். பேசினில் தண்ணீரோடு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"வேணாங்க. உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

"முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னாடி ஊரே பாக்க இந்தக் காலைப் புடிச்சு அம்மி மேல வெச்சேன். குனிஞ்சு மெட்டி போட்டேன். அப்ப ஆயுசு கொறைஞ்சுதா? இதோ, கல்லு மாதிரி உன் முன்னாடி குந்திக்கினு கீறேன்!"

அக்காவின் அந்தக் கால் புடவைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தது. அண்ணன் முழங்கையை விட்டுத் தண்ணீரின் சூடு பார்த்தார். சர்க்கரைக் காலை ஊறவைக்கக் கூடாது என்று முணுமுணுத்தபடி கழுவி, விரலிடுக்கில்கூட ஈரமில்லாமல் ஒற்றினார். ஊரையே அதட்டும் மனுஷனுக்குக் கை நடுங்கியது.

"அன்னிக்கும் உங்க கை இப்படித்தான் நடுங்குச்சு" என்றார் அக்கா.

"அன்னிக்கு வெக்கம் வேணி. இன்னிக்கு பயம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆட்டோ பிடிக்கிறேன் என்று கீழே ஓடினேன். டாக்டர் மருந்து கொடுத்தார். தினமும் கட்டு மாற்றியது அண்ணன்தான். காயம் ஆற ஐந்து வாரம் ஆனது.

இப்போது ஞாயிறு பரேடில் முதல் நாற்காலி அம்சவேணி அக்காவுக்கு. அவர் காலைப் பார்க்கும்போது மட்டும் அண்ணன் அதட்டுவதில்லை.