நிறுத்தி நிறுத்திப் பார்த்த ரத்தக்குழாய்

செயற்கை ரத்தக்குழாய்த் தொழிலில் பாதி நேரம் குழாய் செய்வது, மீதி நேரம் அது அடைத்துக்கொள்ளுமோ என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது. ராத்திரி வேலைக்காரர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

முதல் குழாய்

மலேசியாவின் ஷா ஆலமில் ரப்பர் குழாய் தொழிற்சாலையில் இருபது வருடம் ராத்திரி ஷிப்ட் பார்த்தவன் நான். பள்ளிப் படிப்பு ஐந்தாம் படிவத்தோடு சரி. மீதியைப் புத்தகமும் வீடியோவும் பார்த்து நானே கற்றுக்கொண்டு, ஓர் அறுவை சிகிச்சை ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தேன். அடைபட்ட இடத்தைச் சுற்றி ரத்தத்தைத் திருப்பிவிடும் மாற்றுக்குழாய் செய்ய வேண்டும். என் முதல் குழாயைக் கூடத்தின் பொறுப்பாளரான இளம் டாக்டர் விரலில் சுற்றிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு அங்கிள். பூச்செடிக்குத் தண்ணி ஊத்தலாம்."

ஆட்டு ரத்தம்

தண்ணீர் ஓடினால் போதாதே! கிள்ளானில் ஆடு அறுக்கும் பாயிடம் போய், உறையாமலிருக்க மருந்து ஊற்றிய போத்தலை நீட்டினேன். அவர் போத்தலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"கறி வேணாம், ரத்தம் மட்டுமா? அண்ணே, நீங்க டாக்டர்கிட்ட வேலையா, மந்திரவாதிகிட்ட வேலையா?"

நான்காம் தடவை

குழாயை வளையமாகப் பூட்டி, ரத்தத்தில் கலந்த மருந்தை முறித்துவிட்டு, பம்பு வைத்துச் சுழல விடுவோம். ஆறு மணி நேரம் உறையாமல் ஓடினால்தான் உயிருள்ள ஆட்டுக்குப் பொருத்துவார்கள். மூன்று தடவை உறைந்துவிட்டது. இன்னொரு தடவை அடைத்தால் இந்தக் குழாயைக் கைவிடுவதாக டாக்டர் சொல்லிவிட்டார். என் இரண்டு வருட உழைப்பு. குழாய் வெள்ளை, உள்ளே ஒன்றும் தெரியாது. அதனால் அரை மணிக்கு ஒருமுறை பம்பை நிறுத்தி, குழாயின் இணைப்பைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்ப்பேன். நான்காம் தடவையும் என் கை பம்பை நிறுத்தப் போனது. கூட்டிக்கொண்டிருந்த லெட்சுமி அக்கா துடைப்பத்தை ஊன்றி நின்றார்.

"என்னா தம்பி, ரத்தம் நின்னா உறையும்னு நீதானே சொன்ன? அப்புறம் நீயே நிறுத்துற?"

ஆறு மணி நேரம்

தெரிந்த பாடம்தான். பயத்தில் மறந்திருக்கிறேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டிலும் நான் இப்படித்தான், தூங்கும் மகளை எழுப்பி, "நல்லா இருக்கியா?" என்று கேட்டுத் திட்டு வாங்கியவன். விடிந்ததும் டாக்டர் வந்து குழாயை நீளவாக்கில் வெட்டினார். உள்ளே சுத்தம். தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்து, அக்கா சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"திங்கக்கிழமை ஆட்டுக்கு வைக்கலாம் அங்கிள். நீங்க மட்டும் அந்த ஆட்டைத் திறந்து பாத்துடாதீங்க லா."

இரண்டு வருடத்தில் நான் பார்த்த உருப்படியான வேலை, ஒரு வேலையும் பார்க்காமலிருந்த அந்த ஆறு மணி நேரம்தான்.